பிப்ரவரி எண்ணெய்

டிசம்பரில் எல்லாருக்கும் இரக்கம் வரும்.
சிவப்புக் குல்லாய், பஞ்சுத் தாடி,
பின்னிருக்கையில் கட்டிய கரடிபொம்மை.
அந்த ஊர்வலத்துக்கு இருநூறு வண்டி.
எண்ணெய்த் தொட்டி வற்றுவது பிப்ரவரியில்.
அப்போது நாங்கள் பதினொரு பேர்.

ராத்பரி கடைத்தெரு, ஞாயிறு காலை எட்டு மணி,
பூஜ்யத்துக்குக் கீழே நான்கு.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளைக்
காலுறைக்கு மேல் மாட்டிக்கொண்டு
பூட்ஸுக்குள் காலை நுழைக்கிறான் ஹெட்லி.
என் மேல்சட்டைக்குள் மூன்று நாள் பழைய செய்தித்தாள்:
நெஞ்சுக்கு விளையாட்டுப் பக்கம்,
முதுகுக்கு மரண அறிவிப்புகள்.
வசூல் வாளியைப் பெட்ரோல் டேங்கின் மேல்
இழுத்துக் கட்டுகிறாள் ஐலா.

குளிர் தோலில் தொடங்குவதில்லை.
கையுறையின் தையலில் தொடங்கும்.
சுண்டுவிரல் முதலில் விடைபெறும்,
அடுத்தது மோதிர விரல்.
எல்ஸ்டன் ஏற்றத்தில்
கிளட்சைப் பிடித்தது கையா, பழக்கமா,
தெரியாது.
என் மூச்சே என் கண்ணாடிக்குத் திரை போட,
விரற்கடைப் பிளவு வழியே
உப்புத் தூவிய சாலை மட்டும்.
வேலியோரத்து ஆடுகள் தலை தூக்கவில்லை.
கம்பளியோடு பிறந்தவர்களுக்கு
எங்களிடம் என்ன பேச்சு.

மாடு தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த
இரும்புக் கம்பிகளின் மேல்
ஐலாவின் பின்சக்கரம் வழுக்கியது.
அவளுக்கு ஒன்றுமில்லை.
வாளிதான் கவிழ்ந்தது.
விறைத்த விரலால் நாணயம் பொறுக்கிப் பார்த்ததுண்டா?
தொட்டால் நகரும், நகர்ந்தால் உருளும்,
உருண்டால் கம்பி இடுக்கில் ஒரு சின்னச் சத்தம்.
முழங்காலிட்டுப் பதினொரு பேர்.
கடந்துபோன லாரிக்காரன்
ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து
வேகம் குறைத்தான்.
பதினேழு பவுண்டு பள்ளத்துக்குப் போனது.
ஹெட்லி கணக்கு எழுதிக்கொண்டான்.

கிரெக் மில்பர்னுக்கு இருபத்தாறு வயது.
மந்தை வேலை, இந்த மாதம் பாதிச் சம்பளம்.
தோளில் ஆறு வாரக் குழந்தை, அதற்கு இரண்டு தொப்பி.
ஐந்நூறு லிட்டருக்கான சீட்டை நீட்டினோம்.
லாரி செவ்வாய்க்கிழமை வரும் என்றோம்.
வாங்கினான். எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை.
பிறகு பார்த்தான்:
நீலம் பாரித்த உதடுகள், மீசையில் பனி,
"வணக்கம்" சொல்ல வராமல் தந்தியடிக்கும் பற்கள்.

ஒன்றும் பேசாமல் உள்ளே போய்
சுவரில் இருந்த குமிழைத் திருகினான்.
பதினான்கிலிருந்து இருபத்திரண்டு.
எங்கோ பின்கட்டில் கொதிகலன்
தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது.

தொட்டியில் ஒரு சாண்தான் மிச்சம் என்று
அவன் மனைவி சொல்லவில்லை.
சுவருக்கு வெளியே அளவுக்குழாய் சொன்னது,
வரும்போதே பார்த்திருந்தேன்.

கையுறைகள் ஆவி விட்டன.
ஐலா குழந்தையைக் கேட்டுவிட்டுக்
கையை இழுத்துக்கொண்டாள்: இன்னும் சூடாகட்டும்.
எனக்கு விரல்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.
உணர்வு போகும்போது வலிப்பதில்லை.
வரும்போது, அப்பப்பா,
நகக்கண் தோறும் ஊசி.
கண்ணில் நீர் கட்டிவிட்டது.
கிரெக் முகம் இறுகியது:
"எங்களுக்காக யாரும் அழ வேண்டாம்."
"உனக்காக இல்லையப்பா, விரலுக்காக" என்றேன்.
அப்போதுதான் சிரித்தான்,
வயிறு குலுங்க, குழந்தை விழித்துக்கொள்ள.

இறங்கும் வழியில் ஆட்டர்பர்னில்
பெட்ரோல் போட நின்றோம்.
ஹெட்லி மனக்கணக்கில் கெட்டி.
"நாம் குடித்தது நாலு லிட்டர்" என்றான்.
"இன்று ராத்திரி ஒன்று, நாளை ராத்திரி ஒன்று."
மண்ணெண்ணெய் கேன் ஒன்றை விலைக்கு வாங்கி,
டிசம்பரில் கரடி உட்கார்ந்த இடத்தில்
நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு சுற்றுக் கயிறு.
மூன்று மணிக்கே வெளுத்துப்போயிருந்தது வெயில்.
திரும்ப மலையேறினான்.

நான் போகவில்லை.
விரல்களில் அப்போதுதான் உயிர் வந்திருந்தது.
சொல்ல வெட்கமில்லை;
கொஞ்சம் இருக்கிறது.